கழுத்துக்கு மேலே பூ

என் வயதுக்காரிகளே, உங்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டும். சின்னஞ்சிறுசுகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். போன மாதம் உறவில் ஒரு கல்யாணம். வாசலிலிருந்து மேடை வரைக்கும் ரோஜாவும் சம்பங்கியுமாக இறைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் பார்க்கிறேன், அத்தனையும் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கிடக்கிறது. இரண்டு மாடுகள் நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தன. எனக்கு வயிறு எரிந்தது. "ஒரு பூவையாவது எடுத்து வச்சியா?" என்று கல்யாணப் பெண்ணைக் கேட்டேன். "எதுக்கு ஆச்சி? அதான் வீடியோ எடுத்திருக்கே" என்றாள். வீடியோவாம்! அதை மோந்து பார்க்க முடியுமா?

நம்மில் எத்தனை பேர் சிறுமியாக இருந்தபோது தலையில் பூ வைத்தோம்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம். நான் தூக்கவில்லை. ஏரலுக்கு மேற்கே, ஆற்றங்கரையில் இருந்தது எங்கள் ஊர். பாதி ஊர் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; மீதி ஊர் இந்துக்கள். அப்பா எங்கள் வேதக்கோயிலின் உபதேசியார். பாளையங்கோட்டையிலிருந்து பாதிரி ஐயர் எப்போதாவது மாட்டு வண்டியில் வருவார்; வராத ஞாயிறுகளில் எல்லாம் ஜெபமும் பிரசங்கமும் அப்பாதான். நம் ஜனங்களில் பூ வைக்கிற வீடுகளும் இருந்தன, வைக்காத வீடுகளும் இருந்தன. எங்கள் வீடு வைக்காத வீடு. வைக்காத வீடு என்றால் அப்படி இப்படி அல்ல. அப்பா அதற்கு ஒரு சட்டமே போட்டிருந்தார்.

"கழுத்து வரைக்கும் பூ வரலாம். கழுத்துக்கு மேல ஏறப்பிடாது."

அதாவது கல்யாண மாலை போடலாம். சவப்பெட்டி மேல் வளையம் வைக்கலாம். மேசைமேல் குவளையில் நிறுத்தலாம். தலைக்கு மட்டும் கிடையாது. வேதப்புத்தகத்தில் எந்த அதிகாரத்தில் கழுத்தில் இப்படிக் கோடு போட்டிருக்கிறது என்று கேட்க அம்மாவுக்கே தைரியம் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கோயில் வளாகத்திலேயே ஒரு பெரிய மகிழமரம் நின்றது. மரத்துக்கு அப்பாவின் சட்டம் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழைகிற பெண்களின் தலைமேல் அது பாட்டுக்கு உதிர்த்துக்கொண்டே இருக்கும். எல்லோரும் வாசலில் நின்று தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போவார்கள்.

எங்கள் எதிர்வீட்டு மதினி இந்து. பெருமாள் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கிற வீடு. விரல் பார்க்காமலே கட்டும், கண் எங்கள் வீட்டைப் பார்க்கும், வாய் சும்மா இருக்காது. எங்கள் அத்தை வாசலில் நின்றால் போதும்.

"ஏ தாயி, ஒங்க சாமி பூவை எதுக்குப் படைச்சாராம்? மாடு திங்கவா?"

அத்தை சிரிப்பாள். அவளுக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவளை வளர்த்தார். பாளையங்கோட்டையில் பெண்கள் போர்டிங்கில் சேர்த்துப் படிக்க வைத்தார். அங்கே இருந்த வெள்ளைக்காரத் துரைசாணியம்மாள் பாடத்தோடு சேர்த்துப் பூவைக் காயவைக்கிற வித்தையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் போர்டிங்கை விட்டு வந்ததும் அதை மறந்துபோனார்கள். அத்தை மறக்கவில்லை. தலையில் வைக்க முடியாத பூவை எல்லாம் அவள் பெட்டியில் வைத்தாள்.

அந்தப் பெட்டி ஒரு சீமை பிஸ்கோத்து டின். மூடியில் ஒரு வெள்ளைக்காரப் பாப்பா ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். பாப்பாவின் மூக்கு தேய்ந்து தகரம் தெரியும். உள்ளே அடியில் வேப்பிலை, மூலையில் வசம்புத் துண்டு, பூச்சி அண்டாமல் இருக்க. மேலே ஒவ்வொரு பூவும் ஒரு துணிப்பொட்டலம். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று தொட்டியைச் சுற்றி வைத்த செவ்வந்தி ஒன்று அதில் இருந்தது. அத்தையின் அம்மாவை அடக்கம் செய்த அன்று எடுத்த அரளி ஒன்று இருந்தது. அத்தை நல்ல மனசோடு இருக்கும்போது நான் கேட்டால் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டுவாள். என் செவ்வந்தியைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். நான் அழுதுகொண்டிருந்த அன்று அது சிரித்துக்கொண்டிருந்ததாம். அத்தை சொல்வாள்.

ஒவ்வொரு பூவுக்கும் அவளிடம் ஒவ்வொரு வழி இருந்தது. இலையும் தட்டைப் பூவும் என்றால் அப்பாவின் பெரிய வேதப்புத்தகத்துக்குள் போகும். ரோஜாவை அப்படி நசுக்கினால் அது ரோஜாவாக இருக்காது அல்லவா? அதற்கு மணல். ஆற்றில் தண்ணீர் ஒதுங்கிய இடத்தில் மாவு மாதிரி கிடக்கிற மணலை அள்ளி வருவோம். அதைக் கழுவி, காயவைத்து, துணியில் சலித்து, மண்சட்டியில் கொஞ்சம் பரப்பி, பூவை நட்டாற்போல் நிறுத்துவாள். பிறகு சிரட்டையால் மணலைப் பையப் பையச் சொரிவாள். இதழுக்கு இதழ் நடுவே மணல் இறங்கும். "மூச்சு விடாத, பூ சாஞ்சிரும்" என்று என்னை அதட்டுவாள். சட்டி வெயிலில் கிடக்கும். சில நாள் கழித்து மணலைச் சாய்த்தால் ரோஜா அப்படியே எழுந்து வரும், நிறம் மட்டும் கறுத்து.

மகிழம்பூவுக்கு மட்டும் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். கோத்து நிழலில் தொங்கவிட்டால் போதும். காய்ந்தும் மணக்கிற பூ அது ஒன்றுதான்.

அத்தையின் கல்யாணம் ஒரு வைகாசியில் நடந்தது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். நெட்டையான ஆள், எங்கள் வீட்டு வாசல்நிலையில் தலையை இடிக்காமல் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. பாளையங்கோட்டையிலிருந்து துரைசாணியம்மாள் தன் தோட்டத்து ரோஜாவையும் பெரணி இலையையும் சேர்த்துக் கட்டிப் பூச்செண்டு அனுப்பியிருந்தாள். எதிர்வீட்டு மதினி தன் பங்குக்கு மகிழம்பூவை நீளமாகக் கோத்து மாப்பிள்ளைக்கு மாலை கொண்டுவந்தாள். பூ எங்கள் கோயில் மரத்துப் பூ, கை அவள் கை. அப்பா அந்த மாலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா மெதுவாக, "கழுத்துக்குத்தான" என்றாள். அப்பா கொடுத்துவிட்டார்.

படம் பிடிப்பதென்றால் அப்போது திருநெல்வேலிக்குப் போக வேண்டும். அதற்கு வண்டி வேண்டும், காசு வேண்டும். பொறவு போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பொறவு வரவில்லை. கடல் கடந்து எங்கேயோ பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கம்பவுண்டர்கள் தேவை என்று ஆள் எடுத்தார்கள். ஆடி பிறந்ததும் மாமா புறப்பட வேண்டியதாயிற்று. பஸ்ரா என்று ஓர் ஊர். எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டேன். "வேதத்துல வருகிற நதிக்குப் பக்கத்துல" என்றார். அப்படியானால் நல்ல ஊராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படுகிற அன்று மாமாவும் அத்தையும் தார்சாவில் நின்றார்கள். தார்சா என்றால் உங்களுக்குத் தெரியும், வாசல் தாண்டியதும் இருக்கிற நடைக்கூடம். நான் தூணுக்கு அந்தப்பக்கம். அத்தை டின்னைத் திறந்து காய்ந்த மகிழமாலையை எடுத்தாள். மாமா அதில் ஒரு சாண் அறுத்துத் தன் பொடிடப்பிக்குள் சுருட்டி வைத்தார்.

"மிச்சத்தை நீ வச்சிரு. வந்து ரெண்டையும் முடிஞ்சிருவோம்."

"வாடாம இருக்கும்" என்றாள் அத்தை.

"காஞ்ச பூ எங்கன வாடும்?" என்று மாமா சிரித்தார். நிலையில் தலையை இடித்துக்கொண்டு வெளியே போனார்.

அவர் முகத்துக்குப் படம் கிடையாது. அத்தைக்கு இருந்ததெல்லாம் டின்னுக்குள் அந்தப் பூச்செண்டு ரோஜாவும் அந்த மாலையும்தான். தினமும் காலை ஜெபத்துக்கு முன்னால் மூடியைத் திறப்பாள், முகத்தைக் கொண்டுபோவாள், மூடிவிடுவாள். அவ்வளவுதான். ஆனால் ஒருநாள் மூடி இறுகித் திறக்க வரவில்லை என்றால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. பூ நன்றாக இருந்தால் ஆளும் நன்றாக இருப்பார் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்ல முடியுமா, உபதேசியார் வீட்டில்? சொல்லாமலே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இது என்ன தாயி, டின்னுக்குள்ள ஒரு விக்கிரகம்?"

"விக்கிரகம் இல்ல அண்ணாச்சி. பூ."

"தெனமும் தெறந்து கும்புடுதியே."

"கும்புடல. மோந்துதான் பாக்கேன்."

அப்பா அதை விட்டுவிட்டார். வேதப்புத்தகத்தில் பெரணி இலை பட்டுப் பக்கம் கறையாகிவிட்டது என்று வேறொரு சண்டையை ஆரம்பித்தார்.

அந்த வருஷ ஐப்பசியில் மழை என்றால் மழை. தாமிரபரணி கரை தெரியாமல் போனது. எங்கள் கூரையில் ஒழுகாத இடம் அடுப்பங்கரை மட்டும்தான். டின் இருந்த மாடத்துக்கும் ஈரம் இறங்கி, ரோஜாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அத்தை முகம் செத்துப்போயிற்று. வெயில் எப்போது வரும் என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை வெயில் வந்தது. என்ன வெயில்! ஊர் முழுக்கத் துணியும் விறகும் நெல்லும் வெளியே வந்தன. எங்கள் முற்றத்தில் இரண்டு சுளகு. ஒன்றில் அம்மா சீயக்காய்ச் சாமான் காயப்போட்டிருந்தாள்: சீயக்காய், வெந்தயம், பூலாங்கிழங்கு, எலுமிச்சைத் தோல், ஆவாரம்பூ. பக்கத்துச் சுளகில் அத்தை தன் ரோஜாக்களையும் மகிழமாலையையும் பரப்பினாள். பழைய பொட்டலங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை டின்னிலேயே இருந்தன. பிறகு அத்தையும் நானும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் கோயிலைக் கூட்டிப் பெருக்கப் போனோம். சனிக்கிழமை தோறும் அது எங்கள் வேலை. அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

நாங்கள் போன கொஞ்ச நேரத்தில் அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டு அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உபதேசியார் சம்சாரம் போகாமல் இருக்க முடியுமா? அப்பா அன்று தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சீயக்காய்க்காகக் காத்துக்கொண்டிருந்தார். "மழ வந்தா முத்தத்துல கெடக்கத எடுத்து உள்ள வச்சிருங்க. இடிக்கிற அக்கா வந்தா இடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா ஓடிவிட்டாள்.

மழை வந்தது. நாங்கள் கோயிலுக்குள் மாட்டிக்கொண்டோம். அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மதினி எடுத்திருப்பா, மதினி எடுத்திருப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். என் அம்மாவைத்தான் மதினி என்றாள்.

வீட்டில் நடந்ததைப் பிற்பாடு இடிக்கிற அக்கா எங்களுக்குச் சொன்னாள். அப்பா தன் வாழ்க்கையில் முற்றத்திலிருந்து ஒரு சாமானை உள்ளே எடுத்து வைத்தவர் இல்லை. அன்று எண்ணெய் வழிய வழிய ஓடியிருக்கிறார். இரண்டு சுளகை இரண்டு கையில் தூக்கத் தெரியாமல், அதை இதில் கொட்டி ஒன்றாக்கிக்கொண்டு, நனையாமல் காப்பாற்றி உள்ளே வந்துவிட்டார். பெருமையாக வேறு நின்றாராம். இடிக்கிற அக்கா உரலில் போடும்போது கேட்டிருக்கிறாள்.

"அய்யா, ரோசாவும் மகிழம்பூவுமால்லா கெடக்கு. இதையும் போடவா?"

"தலைக்குத்தான? எல்லாம் ஒண்ணுதான், இடி."

கேட்டீர்களா? கழுத்துக்கு மேல் பூ ஏறக்கூடாது என்று சட்டம் போட்டவர் சொன்னது இது. ஆவாரம்பூ எது, மகிழம்பூ எது என்று ஒருநாளாவது உற்றுப் பார்த்திருந்தால்தானே?

மழை விட்டதும் நாங்கள் வந்தோம். தெரு முனையிலேயே வாசனை எதிரே வந்தது. ஈர மண்ணின் வாசனைக்கு மேலே, சீயக்காய்க்கு மேலே, மகிழம்பூ. எதிர்வீட்டு மதினி வாசலில் நின்று, "என்ன தாயி, ஒங்க வீட்ல இன்னைக்குக் கல்யாணமா?" என்று கேட்டாள். அத்தை வீட்டுக்குள் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

நடுக்கூடமான பட்டாசலில் அப்பா துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையிலிருந்துதான் வாசனை வந்தது. உரல் பக்கத்தில் தட்டு நிறையப் பொடி, இன்னும் சூடு ஆறாமல். சுவரில் ஆணியில் ஒரு வெறும் நூல் தொங்கியது. "நூலு நல்லாருந்துச்சு, வீணாக்குவானேன்னு உருவி மாட்டி வச்சேன்" என்றாள் இடிக்கிற அக்கா. பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

அத்தை பொடியைப் பார்த்து அழவில்லை. நூலைப் பார்த்ததும் அழுதாள். அப்படியே உரலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, அவுக வருவாகளா?"

அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. துவட்டின கை நின்றுபோயிற்று. ஆனாலும் உபதேசியார் அல்லவா, வாய் தானாகப் பிரசங்கத்துக்குப் போயிற்று.

"பூவுலயா தாயி மனுச உசிரு இருக்கு? கர்த்தர் கையில இருக்கு."

"கர்த்தர் கையில இருக்கட்டும் அண்ணாச்சி. என் கையில அது ஒண்ணுதான இருந்துச்சு."

அப்பா எழுந்து போய் அந்த மழைத் தண்ணீர் தேங்கிய முற்றத்தில் நின்றார். அம்மா வந்து விஷயம் தெரிந்ததும் அவரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "பூவைக் கண்ணால பாத்திருந்தாத்தான தெரியும்." அன்று இரவுச் சாப்பாட்டுக்கு யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

அந்தப் பொடியை அத்தை ஒரு துகள் விடாமல் கூட்டி அள்ளி, பழைய பொட்டலங்களைத் துணிப்பெட்டிக்கு மாற்றிவிட்டு, டின்னுக்குள் போட்டு, நூலை மேலே சுற்றிக் கட்டினாள். யாரும் தொடக்கூடாது என்றாள். நாங்கள் அந்த வாரம் வெறும் பயற்றமாவில் தலை குளித்தோம்.

இனிமேல்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. மறுநாளிலிருந்து விடிந்ததும் அப்பாவைக் காணோம். எங்கே போகிறார் என்று பார்த்தால், கோயில் வளாகத்தில் மகிழமரத்தடியில் குனிந்து பூப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்! மழைக்காலத்தில் மரத்தில் என்ன பூ இருக்கும்? அங்கொன்றும் இங்கொன்றுமாக, சேற்றில் விழுந்ததைத் துடைத்துத் துண்டில் முடிந்துகொண்டு வருவார். ஒரு கைப்பிடி சேர்ந்ததும் எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார். அந்த வீட்டு வாசலில் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை. மதினி கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"இதைக் கொஞ்சம் கோத்துத் தரணும்மா."

"உபதேசியாரய்யா, ஒங்க வீட்ல பூ ஆகாதே?"

"தலைக்கு இல்ல."

"பின்ன?"

"பெட்டிக்கு."

மதினிக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. வேறு நாளாக இருந்தால் அப்பாவை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்று வாய் திறக்காமல் வாங்கி, கோத்து, வாழைமட்டையில் சுற்றிக் கொடுத்தாள். அப்பா அதைக் கொண்டுவந்து அத்தை முன்னால் நீட்டினார். அத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இது அது இல்ல அண்ணாச்சி."

"அது எனக்கும் தெரியும் தாயி" என்றார் அப்பா.

அந்தச் சரத்தை அவர் தன் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பெரணி இலைக் கறையைப் பற்றி அதன்பிறகு ஒரு பேச்சும் இல்லை. காலை ஜெபத்தில் சக்கரவர்த்திக்காகவும் ஐயருக்காகவும் வேண்டிக்கொள்வது போக, "பஸ்ராவில் இருக்கிற உமது அடியானுக்காகவும்" என்று சேர்த்துக்கொண்டார். அதைச் சொல்லுமுன் ஒவ்வொரு நாளும் ஒரு தடவை செருமிக்கொள்வார். அப்பாவுக்குப் பூ பிடிக்காது என்று அந்த வயதில் நினைத்திருந்தேன். இல்லை. அவருடைய தகப்பனார் காலத்தில்தான் எங்கள் குடும்பம் வேதத்துக்கு வந்தது. இவன் இன்னும் பாதி அங்கேதான் நிற்கிறான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்ற பயம். பூவுக்கு அவர் பயப்படவில்லை, ஊர் வாய்க்குப் பயந்தார். அது புரிய எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது.

தை போயிற்று, சித்திரை போயிற்று. பஸ்ராவிலிருந்து வந்துகொண்டிருந்த கடுதாசியும் நின்றுபோயிற்று. அங்கே காய்ச்சல் என்றார்கள், கப்பல் முழுகிற்று என்றார்கள். சந்தையில் ஆளுக்கு ஒரு சேதி. அத்தை இளைத்துக் கழுத்தெலும்பு தெரிந்தது. டின்னை மட்டும் காலையில் திறப்பாள். பொடி மணத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் ஒருநாள் தந்தி வந்தது. அந்தக் காலத்துத் தந்தி என்றால் சாவுதானே? தந்திக்காரனைத் தெருவில் கண்டதுமே அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். எதிர்வீட்டு மதினி ஓடிவந்து தானும் சேர்ந்துகொண்டாள். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு கல்லாக நின்றாள். அப்பா பிரித்து, கண்ணாடியைத் தேடி மாட்டி, இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"ஏட்டி, நிறுத்துங்கட்டி சவங்களா! ஆளு பம்பாய்ல வந்து எறங்கிட்டாக!"

ஒப்பாரி அப்படியே சிரிப்பாக மாறியதை நான் அன்றுதான் பார்த்தேன். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அடுப்பங்கரைக்குள் போய் முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டாள்.

மாமா வருகிற அன்று காலையில் அத்தை வெந்நீர் வைத்தாள். டின்னைத் திறந்து ஒரு கை நிறையப் பொடி எடுத்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். கிண்ணத்தில் வெந்நீர் பட்டதும் வீடு முழுக்க அந்த வைகாசி எழுந்து வந்தது. அத்தை தலை குளித்து, முடியை உலர்த்தி, வெறுங்கொண்டை போட்டுக்கொண்டாள். ஒரு பூ கிடையாது. உபதேசியார் வீட்டுப் பெண் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தாள்.

வண்டி வந்து நின்றது. முகம் கறுத்து, தாடையெலும்பு தெரிய, பாதி ஆளாக இறங்கினார் மாமா. நிலையில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அத்தைக்கு அவர்தான் என்று நம்பிக்கை வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தாள். மாமா இரண்டடி வைத்தவர் நின்றுவிட்டார். மூக்கு விரிந்தது. அத்தையின் தலையைப் பார்த்தார். முன்னால் பார்த்தார், கொஞ்சம் சாய்ந்து கொண்டையையும் பார்த்தார்.

"மகிழம்பூ மணக்கே. பூவ எங்க?"

அத்தை கொண்டையைத் தொட்டுக்கொண்டாள். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். பட்டாசல் நாற்காலியிலிருந்து அப்பா எழுந்தார்.

"தலையிலதான் இருக்கு மாப்ள" என்றார். "நாந்தான் ஏத்தி வச்சேன்."

பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதையைக் கேட்டு முடித்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலாகிக் கண்ணீராகிவிட்டது. பொடிடப்பியைத் திறந்து அந்த ஒரு சாண் சரத்தை எடுத்தார். காப்பிக்கொட்டை நிறம். கப்பலில் வந்ததோ, காய்ச்சலில் கிடந்ததோ, பூ ஒன்றுகூட உதிரவில்லை. அத்தை டின்னிலிருந்து வெறும் நூலை அவிழ்த்து எடுத்தாள். இரண்டையும் முடிந்தார்கள். ஒரு சாணுக்குப் பூ, மிச்சத்துக்கு வெறும் நூல்.

அந்தச் சரமும் பெட்டியும் பிற்காலத்தில் ஒரு வெள்ளத்தில் போய்விட்டன, என் செவ்வந்தியோடு. பொடி மட்டும் அதற்கு முன்பே ஒரு நல்ல காரியத்துக்குச் செலவாகிவிட்டது.

நான் கல்யாணமாகி நாங்குநேரிப் பக்கம் போன பிறகு அப்பா காலமானார். சேதி கேட்டு வந்து சேர்ந்தபோது ஆண்கள் அவரைக் குளிப்பாட்ட எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மாமாதான் முன்னால் நின்றார். அத்தை தலை நரைத்து, அந்த மூக்குத் தேய்ந்த பாப்பா டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் மணமெல்லாம் போயிருக்கும் என்று நினைத்தேன். அத்தை டின்னைக் கவிழ்த்து எல்லாவற்றையும் மாமாவின் கையில் தட்டினாள்.

"அண்ணாச்சி தலைக்கு நல்லாத் தேய்ங்க" என்றாள்.

வெந்நீர் பட்டதும் மணந்தது.

கோயிலில் சவப்பெட்டியைச் சுற்றி எல்லோரும் நின்றபோது பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த ஐயர் அக்கம்பக்கம் பார்த்தார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மரத்தில் பூ இல்லாத மாதம் அது. மகிழம்பூ எங்கிருந்து மணக்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். தலையில்தான் இருந்தது.